சி.டி. ஸ்கேன் வாங்க மொய் விருந்து வைக்கலாமா?

கொப்பரைக்காரர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பேராவூரணிப் பக்கம் தேங்காய், கொப்பரை வியாபாரம் செய்கிறேன். எங்கள் ஊரில் ஓர் அறக்கட்டளை 30 படுக்கைகளோடு மருத்துவமனை நடத்துகிறது. அதன் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். படித்தவர்கள் நடுவே பணத்தை எண்ணத் தெரிந்தவன் ஒருவனாவது இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள் போலும். பிரசவம், பாம்புக்கடி, எலும்பு முறிவு, சர்க்கரை எல்லாம் பார்க்கிறோம். சி.டி. ஸ்கேன் மட்டும் இல்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவு நேரத்தில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு வருகிறார்கள். எங்கள் டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்க்கிறார், பெயர் கேட்கிறார், கையைத் தூக்கச் சொல்கிறார். அதற்குமேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது. "உள்ளே ரத்தம் கசிகிறதா என்று படம் எடுத்தால்தான் தெரியும், தஞ்சாவூர் கொண்டுபோங்கள்" என்கிறார். ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாத பயணம். பக்கவாதம் வந்தவர்களுக்கும் இதே கதை.

16 ஸ்லைஸ் (ஒரு சுற்றில் 16 அடுக்குப் படம் எடுக்கும்) இயந்திரம் ஒன்றுக்கு எங்களுக்கு வந்த விலைப்புள்ளி 1 கோடியே 40 லட்சம். கையில் இருப்பது 22 லட்சம். மீதிக்கு மொய் விருந்து வைக்கலாம் என்று குழுவில் பலரும் சொல்கிறார்கள்.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு விளக்கம். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி பிறந்தால் மொய் விருந்துதான். கல்யாணம், காதுகுத்து எதுவும் வேண்டாம். பந்தல் போட்டு, ஆட்டுக்கறிச் சோறு போட்டு மொய் வாங்குவார்கள். செலவைப் பகிர்ந்துகொள்ளப் பலர் சேர்ந்து ஒரே பந்தலில் வைப்பதும் உண்டு. ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு நோட்டு, எழுதுவதற்கு நல்ல கையெழுத்துள்ள ஆள், பக்கத்தில் பணம் எண்ணும் இயந்திரம். 2018 கஜா புயலில் தென்னை சாய்ந்த பிறகு தொகை சுருங்கிவிட்டது. ஆனாலும் இலைக்கு ஆள் குறையவில்லை.

இப்போது கேள்விக்கு வருகிறேன். மருத்துவமனை பெயரில் மொய் வாங்கலாமா? சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பணம் அனுப்புகிறேன் என்கிறார்கள், வாங்கலாமா? 1 கோடியே 40 லட்சம் சேர்ந்தால் வேலை முடிந்ததா, இல்லை விற்பவர் வாயைத் திறக்காத செலவு ஏதாவது இருக்கிறதா? கடைசிக் கேள்வி என் தொழில் புத்தி. கொப்பரையை எடை போடும்போது சாக்கின் எடையைக் கழிக்காமல் எனக்குத் தூக்கம் வராது.

வடகாட்டு மருமகள்:

அண்ணா, நீங்களே அந்த வட்டாரத்துக்காரர், உங்களுக்குத் தெரியாததா? மொய் என்பது நன்கொடை இல்லை, கடன். வட்டியில்லாக் கடன், பத்திரமில்லாக் கடன், ஆனாலும் கடன். 5,000 எழுதியவர் வீட்டில் விருந்து வரும்போது அந்த 5,000 போக வேண்டும், மேலே கொஞ்சம் சேர்த்தும் போக வேண்டும். போகாவிட்டால் ஊர் நடுவில் மானம் போகும். மருத்துவமனை பெயரில் நீங்கள் மொய் வாங்கினால், அடுத்த ஐந்து வருடம் அறக்கட்டளையின் காசாளர் ஆடி மாதம் முழுவதும் பந்தல் பந்தலாகப் போய்த் திரும்பச் செய்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

என் மாமனார் காலமானபோது நிலத்தைப் பிரித்தார்கள், மரத்தைப் பிரித்தார்கள், கடைசியாகத் தகரப்பெட்டியில் இருந்த மொய் நோட்டுகளையும் பிரித்தார்கள். எந்த மகன் எந்த ஊர்ப் பக்கங்களை எடுத்துக்கொள்வது என்று அரைநாள் பேச்சு. வர வேண்டியது இருக்கும் பக்கத்தை எல்லாரும் கேட்டார்கள், கொடுக்க வேண்டியது இருக்கும் பக்கத்தை யாரும் தொடவில்லை. பச்சை மையில் அவர் கோடு போட்டுத் தீர்த்திருந்த பெயர்களை விரல் வைத்துப் படித்துப் பார்த்தோம். அப்படிப்பட்ட நோட்டில் மருத்துவமனையின் பெயரை ஏற்றாதீர்கள்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. ஊரில் வயதானவர்கள் சிலர் இனி விருந்து வைக்கப்போவதில்லை என்று விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும். அவர்களுக்கு வர வேண்டிய பழைய மொய் ஊர்முழுக்க நிற்கிறது. அவர்கள் நாலைந்து பேரைச் சேர்த்துக் கடைசியாக ஒரு விருந்து வைக்கச் சொல்லுங்கள். வருகிற பணம் அவர்களுடைய சொந்தப் பணம், கொடுத்தவர்களுக்குக் கடன் தீர்ந்தது. அதை அவர்கள் உங்களுக்கு நன்கொடையாகக் கொடுக்கட்டும். புது மொய் யாராவது எழுத வந்தால் வாங்காதீர்கள். பக்கத்தில் மருத்துவமனை மேசை ஒன்று போட்டு, அங்கே ரசீதோடு நன்கொடையாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

வரவு செலவு (ஆடிட்டர்):

மேலே சகோதரி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். கணக்குப் பக்கம் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

மொய் நோட்டில் பெயரும் ஊரும் இருக்கும், பாதிப் பேருக்கு அப்பா பெயரும் இருக்கும். உண்டியலைவிட இது எவ்வளவோ மேல். பெயரும் முகவரியும் பதியாமல் வாங்கும் நன்கொடை ஒரு வரம்பைத் தாண்டினால், அறக்கட்டளை அதற்கு 30 சதவீதம் வரி கட்ட வேண்டியிருக்கும். ஆகவே மருத்துவமனை மேசையில் உட்காருபவர் முழு முகவரியும் எழுத வேண்டும். வரிச்சலுகை கேட்பவர்களிடம் பான் எண்ணையும் வாங்குங்கள்.

80ஜி என்று நாம் சொல்லும் வரிச்சலுகை 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. புதிய வரித் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடைக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு உங்களிடம் சண்டைக்கு வருவார்கள். நிதியாண்டு முடிந்து மே 31க்குள் நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித் துறையில் தாக்கல் செய்தால்தான் அவர்களுக்குச் சான்றிதழ் எடுக்க முடியும். 2026 ஏப்ரலில் இருந்து புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ரசீதுப் புத்தகம் அச்சடிக்கும் முன் உங்கள் ஆடிட்டரிடம் வாசகத்தைக் காட்டுங்கள். ஒரே ஆளிடம் ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்கவே கூடாது. அந்தப் பெரியவர்கள் விருந்தில் வந்த பணத்தைத் தங்கள் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டுக் காசோலையாகக் கொடுக்கட்டும்.

சிங்கப்பூர்ப் பிள்ளைகள் விஷயம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, தாராளமாக வாங்கலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்துவிட்டவர், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) வைத்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவர்தான். அவர் ஊருக்கு வந்து ரூபாயாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடையே. அதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும், பணம் புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில் அதற்கென்று திறக்கும் கணக்கில்தான் முதலில் விழ வேண்டும். அண்ணன் தம்பி இருவரில் ஒருவர் பணத்தை வாங்கலாம், மற்றவர் பணத்தை வாங்கக் கூடாது என்ற நிலை உங்கள் ஊரில் நிச்சயம் வரும். பாஸ்போர்ட் நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனங்களையும் கேட்டுப் பாருங்கள். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புப் பணிக்குச் செலவிட வேண்டும். அதைப் பெற உங்கள் அறக்கட்டளை சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

கதிர் அறை (ஓய்வுபெற்ற ரேடியோகிராபர்):

கொப்பரைக்காரர் ஐயாவின் மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அரசு மருத்துவமனையின் ஸ்கேன் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நீங்கள் கழிக்க வேண்டிய சாக்கு, கொப்பரையைவிட எடை கூடியது.

இயந்திரத்தின் உயிர் எக்ஸ்ரே குழாயில் இருக்கிறது. வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டே கதிரை வீசுவது அதுதான். ஒவ்வொரு படத்துக்கும் கொதிக்கும், ஆறும், மறுபடி கொதிக்கும். காலையில் வந்ததும் நோயாளியைப் படுக்க வைக்காமலே சிறு சிறு அளவில் கதிரைப் பாய்ச்சி அதைச் சூடேற்றுவோம்; அவசரம் என்று அதைத் தாண்டினால் ஆயுள் குறையும். ஏ.சி. நின்ற அறையில் ஓட்டினாலும் குறையும். ஒருநாள் அது போய்த்தான் தீரும். புதுக் குழாய்க்கு லட்சக்கணக்கில் ஆகும். விலைப்புள்ளியின் பின்பக்கம் பராமரிப்பு ஒப்பந்தம் என்று பொடி எழுத்தில் இருக்கும், எடுத்துப் படியுங்கள். குழாயும் சேர்ந்ததா, குழாய் நீங்கலாகவா? 'குழாய் நீங்கலாக' என்று இருந்தால் அந்த ஒப்பந்தம் பாதிக் குடைதான். முதல் ஆண்டு உத்தரவாதத்துக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு என்ன கட்டணம் என்பதை வாங்கும் நாளிலேயே எழுதி வாங்குங்கள். வாங்கிய பிறகு கேட்டால் அவர்கள் சொல்வதுதான் விலை.

அறை கட்டுவதற்கு முன் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம் வரைபட ஒப்புதல் வாங்க வேண்டும், இயக்க உரிமமும் வேண்டும். எல்லாம் இணையத்திலேயே விண்ணப்பம்தான். சுவர் கனம், ஈயத்தகடு பதித்த கதவு, வாசலில் சிவப்பு விளக்கு, கதிர்ப் பாதுகாப்பு அலுவலர், அங்கே வேலை செய்பவர்கள் மார்பில் குத்திக்கொள்ளும் கதிர் அளவி, எல்லாம் விதி. பழைய இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது வந்தாலும் அதே வாரியத்தின் அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். மின்சாரத்துக்குத் தனி இணைப்பு, யு.பி.எஸ்., அதன் பேட்டரிகள் எல்லாம் தனிச் செலவு. கடலோர ஊர் வேறு. உப்புக் காற்றுக்கும் ஈரத்துக்கும் அறையை எந்நேரமும் குளிராக வைத்திருக்க வேண்டும். மின்கட்டணத்தை இப்போதே கணக்குப் போடுங்கள்.

பிறகு ஆள். இரவு இரண்டு மணிக்கு அடிபட்டு வருபவருக்குப் படம் எடுக்க அப்போது ஒரு ரேடியோகிராபர் அங்கே இருக்க வேண்டும். ஒருவரை வேலைக்கு வைத்தால் போதாது, முறை மாற்ற ஆள் வேண்டும். படத்தைப் பார்த்துச் சொல்லும் ரேடியாலஜிஸ்ட் உங்கள் ஊரில் குடியிருக்க மாட்டார். அது பெரிய தடை இல்லை. படத்தை இணையத்தில் அனுப்பினால் எங்கோ உட்கார்ந்து பார்த்து அறிக்கை அனுப்பும் டாக்டர்கள் இருக்கிறார்கள், ஒரு படத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். இணைய இணைப்பு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் குழுவில் வெளிப்படையாகப் பேசுங்கள். ஸ்கேனில் ரத்தக்கசிவு தெரிந்தால் அறுவை செய்யும் டாக்டர் உங்களிடம் இல்லை, தஞ்சாவூர் போகத்தான் வேண்டும். அப்படியானால் ஸ்கேன் எதற்கு? கசிவு இல்லாதவர் வீணாக அலைய வேண்டாம். கசிவு உள்ளவரின் படம் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும், அங்கே அறுவை அரங்கைத் தயார் செய்து வைப்பார்கள். பக்கவாதத்தில்தான் பெரிய லாபம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும், கசிவு இல்லை என்று படம் பார்க்காமல் போடக் கூடாது, கசிவு உள்ளவருக்குப் போட்டால் ஆளையே கொன்றுவிடலாம். உங்கள் ஊரில் படம் எடுத்து, ஊசியையும் கையிருப்பில் வைத்திருந்து, போடத் தெரிந்த டாக்டரும் இருந்தால் கை கால் விழாமல் பலர் எழுந்து நடப்பார்கள். ஊசி விலை உயர்ந்தது. அதற்கும் சேர்த்துப் பணம் திரட்டுங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இயந்திரத்துக்குக் கேட்டால் கொடுப்பார்கள், ஏனென்றால் வாசலில் சலவைக்கல் பலகையில் பெயர் வரும். ஐந்தாம் ஆண்டுக் குழாய்க்கு எந்த மகராசனும் பெயர்ப்பலகை கேட்பதில்லை. அந்தப் பணத்தை முதல் நாளே தனி வைப்பாகப் போட்டுவிடுங்கள்.

சந்தேகப் பிராணி:

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 500 ரூபாய்க்கு சி.டி. எடுக்கிறார்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் அதுவும் வேண்டியதில்லை. அரசாங்கத்திடம் மனு கொடுத்துப் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு ஒன்று கேட்பதை விட்டுவிட்டு ஊர்ப் பணத்தை ஏன் கொட்ட வேண்டும்?

கொப்பரைக்காரர்:

ஐயா, மனுவும் கொடுத்தாயிற்று, கொடுத்துக்கொண்டும் இருக்கிறோம். 500 ரூபாய் படத்துக்கு நான் எதிரி இல்லை. அந்தப் படத்தை எடுக்கப் போகும் வழியில் ஆம்புலன்ஸில் கழியும் நேரம்தான் எனக்குக் கணக்கு. பகலில் வருகிறவரைத் தஞ்சாவூருக்கே அனுப்புவோம், செலவு மிச்சம். இரவுக்குத்தான் இந்த இயந்திரம்.

கதிர் அறை அம்மாவுக்கு: விலைப்புள்ளியை எடுத்துப் பார்த்தேன். 'குழாய் நீங்கலாக' என்றுதான் இருக்கிறது. எழுத்து எறும்பு அளவு. விற்பனைப் பிரதிநிதியைப் போனில் பிடித்துக் கேட்டேன். "அது வழக்கமான நிபந்தனை சார்" என்றார். வழக்கத்தை நான் மண்டியிலேயே நிறையப் பார்த்தவன், குழாயும் சேர்த்து ஐந்தாண்டுக்கு விலை எழுதிக் கொடுங்கள், இன்னும் இரண்டு நிறுவனங்களிடமும் கேட்கிறேன் என்றேன். மறுநாளே குரல் இளகிவிட்டது.

இன்னொன்று. வருமானம் எதுவும் இல்லாமல் இதை ஓட்ட முடியுமா?

கதிர் அறை:

முடியாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் மருத்துவமனை சேர்ந்திருக்கிறதா? சாலை விபத்துக்கு 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' என்று 2021இல் வந்த திட்டம் இருக்கிறது. அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது. உங்கள் கடற்கரைச் சாலை நோயாளிகளுக்கு அதுதான் பொருந்தும். இரண்டிலும் சேர விண்ணப்பியுங்கள். வசதியுள்ளவரிடம் முழுக் கட்டணம் வாங்கக் கூச்சப்படாதீர்கள். எல்லாருக்கும் இலவசம் என்று பலகை வைத்தால் இரண்டே வருடத்தில் அறையைப் பூட்டிவிட்டுப் போர்வை போர்த்தி வைப்பீர்கள். அப்படிப் போர்த்தி வைத்த நன்கொடை இயந்திரங்களைப் பார்த்திருக்கிறேன்.

பனங்காய்ப் பணியாரம்:

நான் யாழ்ப்பாணத்துக்காரன், இப்போது லண்டனில். எங்கள் பக்கத்து அனுபவத்தையும் சொல்கிறேன், உங்களுக்கு உதவலாம்.

தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு 2011 ஜூலையில் பணம் சேர்த்த விதம் இது: இலங்கையின் தெற்கு முனை தெவிநுவரவில் தொடங்கி வடக்கே பருத்தித்துறை வரை நடந்தார்கள். 27 நாட்கள், கிட்டத்தட்ட 670 கிலோமீற்றர். நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவ என்ற இருவர் முன்னின்று செய்தது. போர் முடிந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. சிங்களக் கிராமங்களின் ஊடாக வந்தபோது, யாழ்ப்பாணத்து வைத்தியசாலைக்கு என்று தெரிந்தே கடைக்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் உண்டியலில் போட்டார்கள். 20 இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. 2016இல் அதே பாதையைத் திருப்பி, பருத்தித்துறையிலிருந்து தெற்கே நடந்தார்கள். அந்தப் பணம் காலி கராப்பிட்டியப் புற்றுநோய்ப் பிரிவுக்கு.

அதே 2016இல் மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு பெற் ஸ்கேன் (புற்றுநோய் உடலில் எங்கே பரவியிருக்கிறது என்று காட்டும் இயந்திரம்) வாங்க, புற்றுநோயில் மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் கதீஜா அறக்கட்டளை மூலம் இயக்கம் தொடங்கினார். இலக்கு 20 கோடி இலங்கை ரூபாய். சில மாதங்களிலேயே அது எட்டப்பட்டது. பெற் இயந்திரத்துக்கு வேறு தொல்லை உண்டு. நோயாளிக்கு ஏற்றும் மருந்தில் உள்ள ஃபுளோரின்-18 என்ற கதிர்ப்பொருள் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும், ஆகவே வாங்கிச் சேமித்து வைக்க வழியில்லை. உங்கள் சி.டி.க்கு அந்தத் தலைவலி கிடையாது.

எனக்குப் பட்டது இதுதான். பெரிய தொகை தருபவரை மட்டும் நம்பி இவை நடக்கவில்லை. எவ்வளவு சேர்ந்தது என்று வெளியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், ஆகவே ஐம்பது ரூபாய் போட்டவனும் விசாரித்துக்கொண்டே இருந்தான். உங்கள் ஊர்ச் சந்தியில் ஒரு பலகை வைத்து வாரம் ஒருமுறை தொகையை மாற்றி எழுதுங்கள், ஐயா. நானும் தர விரும்பினேன், ஆனால் என்னிடம் இருப்பது பிரித்தானியப் பாஸ்போர்ட். ஆடிட்டர் ஐயா கதவை மூடிவிட்டார்!

கொப்பரைக்காரர்:

தம்பி, மனசு வந்ததே, அது போதும். பலகை யோசனை பிடித்திருக்கிறது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே என் கிட்டங்கிச் சுவர் வெறுமனே நிற்கிறது, அங்கேயே எழுதிவிடலாம்.

நேற்றுக் குழு கூடியது. மருத்துவமனை பெயரில் மொய் இல்லை என்று முடிவாயிற்று. வடகாட்டுத் தங்கை சொன்னபடி, பழைய மொய் நிற்கும் பெரியவர்கள் ஆறு பேர் சம்மதித்திருக்கிறார்கள். ஒருவர் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். வர வேண்டியது நாலரை லட்சம். கொடுக்க வேண்டியது முப்பதாயிரம், அதை முதலில் தீர்த்துவிட்டுத்தான் விருந்தில் உட்காருவேன் என்கிறார். அவர் மனைவிக்குத்தான் வருத்தம், 'பேரனுக்குக் காதுகுத்து இருக்கிறதே' என்கிறார். அந்த வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை.

இலக்கை 1 கோடியே 40 லட்சத்திலிருந்து 2 கோடி ஆக்கிவிட்டோம். அறை, மின்சாரம், குழாய்க்கான வைப்பு, ஊசி எல்லாம் சேர்த்து. குழுவில் இரண்டு பேர் மலைத்துப் போனார்கள், ஒருவர் ராஜினாமா செய்வதாகச் சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போனார். பெயர்ப்பலகை ஆசைக்காரர்களுக்கும் வழி வைத்திருக்கிறோம்: குழாய் வைப்பு நிதிக்குக் கொடுப்பவர் பெயர்தான் வாசல் பலகையில் முதலில் வரும், இயந்திரத்துக்குக் கொடுப்பவர் அதற்குக் கீழே.

ஆடிட்டர் ஐயாவுக்கு ஒரே ஒரு சந்தேகம். விருந்துக்கு ஆடு, அரிசி, பந்தல், சமையல்காரர் எல்லாம் எப்படிப் பார்த்தாலும் சில லட்சம் ஆகும். இதை அறக்கட்டளைக் கணக்கில் நிதி திரட்டும் செலவு என்று எழுதலாமா?

வரவு செலவு:

எழுத வேண்டாம். மொய் அந்த ஆறு பெரியவர்களுக்கு வருகிற பணம், ஆகவே கறியும் பந்தலும் அவர்கள் செலவு. வந்த மொய்யிலிருந்து அதைக் கழித்துக்கொண்டு மீதியைக் காசோலையாகக் கொடுக்கட்டும். ரசீதும் அந்த மீதித் தொகைக்குத்தான். மருத்துவமனை மேசைக்கு ஆகும் செலவு என்றால் ரசீதுப் புத்தகமும் ஒரு பேனாவும். அதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.